அறிகுறிவழி நோய்க்கண்காணிப்பு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்பின் குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் பதிவுகளை நாள்தோறும் தொகுத்து, ஊரில் ஏதேனும் நோய் தலைதூக்குகிறதா என்று பார்க்கும் முறையை ஆங்கிலத்தில் 'சின்ட்ரோமிக் சர்வைலன்ஸ்' என்கிறார்கள். இதற்கு இதுவரை 'நோய்க்கூட்டறிகுறிக் கண்காணிப்பு', 'முன்னறிவிப்புக் கண்காணிப்பு', 'குறிவழிக் கண்காணிப்பு' என்ற மூன்று சொற்கள் நம் கலைச்சொல் குழுமத்தில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களைச் சொல்லுமுன், திருகோணமலை மாவட்டத்தில் இந்த முறை எப்படிப் பயன்படக்கூடும் என்பதை வைத்துப் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

காய்ச்சலோடு ஒருவர் வைத்தியசாலைக்கு வருகிறார். டெங்கு என்று வைத்தியர் ஐயுற்று அறிவித்தல் படிவத்தை நிரப்ப, அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து, கடைசியில் வாராந்த அறிக்கையில் ஓர் எண்ணாகச் சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிடுகின்றன. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வளர்ந்து வந்த இந்த ஏற்பாடு இலங்கையில் நன்கு வேரூன்றியது. அதன் பயனை மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் அது எண்ணுவது நோயின் பெயரை. பெயர் வைக்கும்வரை அதனால் எண்ணத் தொடங்க முடியாது. நாம் சொல் தேடும் முறையோ, 'மூன்று நாட்களாகக் காய்ச்சல், சத்தி (வாந்தி)' என்று நோயாளி வந்தவுடன் பதிவேட்டில் எழுதப்படும் அந்த ஒரு வரியையே எண்ணிவிடுகிறது. 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000-க்கும் அதிகமானோர் டெங்கு ஐயத்தின்பேரில் பதிவானார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில் காய்ச்சலோடு வருவோர் தொகை வழமையை மீறுவது, நோய்ப் பெயரோடு அறிக்கை வருவதற்கு முன்பே கண்ணில் படக்கூடியது. மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் நிற்கும் காலத்து வயிற்றோட்டத்துக்கும் இது பொருந்தும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'நோய்க்கூட்டறிகுறி' என்பது டவுன் நோய்க்கூட்டறிகுறி போன்ற, வரையறுக்கப்பட்ட மருத்துவ நிலைகளுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். இங்கே 'சின்ட்ரோம்' என்பது அந்தப் பொருளில் வரவில்லை. காய்ச்சல், சுவாசம், குடல், சொறி என்று வருகைகளைப் பகுத்துப் போடும் தளர்வான தொகுதிகளையே அது குறிக்கிறது. பயன்பாடும் தொற்றுநோயோடு நின்றுவிடவில்லை. நியூயோர்க் மாநகரம் 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் உயிரியல் ஆயுதத் தாக்குதலுக்கு அஞ்சி அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளைத் தொகுக்கலாயிற்று. பிரான்சில் 2003 ஓகஸ்ட் வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் மேலதிகமாக இறந்ததைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டே அங்கும் அத்தகைய வலையமைப்பு தோன்றியது. வெப்பத்தால் மயங்கி விழுந்தவரையும், தீக்காயத்தோடு வந்தவரையும், நாய்க்கடியோடு வந்தவரையும் 'கூட்டறிகுறி' என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. ஆங்கிலச் சொல்லே பொருளுக்குப் போதாமல் நிற்கையில், அதன் போதாமையை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

'முன்னறிவிப்பு' என்பது நடக்கவிருப்பதைச் சொல்வது, வானிலைக்குரிய சொல். இந்த முறை எதிர்காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதில் பரவலாகக் கையாளப்படும் கணக்கீட்டு முறைகளுள் ஒன்று மிக எளிமையானது. இன்றைய எண்ணிக்கையை முந்திய ஏழு நாட்களின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்தச் சராசரியைவிட நியமவிலகலின் (நாளாந்த எண்கள் சராசரியிலிருந்து வழமையாக விலகும் அளவின்) மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் கவனிக்கச் சொல்கிறது. இதன் இன்னொரு வகையில் இன்றைக்கு முந்திய இரண்டு நாட்களை விட்டுவிட்டு, அதற்கு முந்திய ஏழு நாட்களை எடுக்கிறார்கள். மெல்ல ஏறிவரும் நோய் வழமைக்குள் கலந்து தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இரண்டிலும் பார்க்கப்படுவது இன்று நிகழ்ந்துகொண்டிருப்பதே.

'குறிவழி' சுருக்கமான சொல், ஓசையும் நன்று. ஆனால் 'குறி' என்றதும் குறி சொல்வதும் குறி கேட்பதும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. புள்ளிவிபரத்தில் நிற்கும் ஒரு துறைக்கு அந்தச் சாயல் கேடு செய்யும்.

ஆகவே என் பரிந்துரை 'அறிகுறிவழி நோய்க்கண்காணிப்பு'. 'அறிகுறி' மருத்துவத்துக்கு மட்டும் உரிய சொல்லன்று என்பதுதான் இதன் வலிமை. மழைக்கான அறிகுறி என்கிறோம், கலவரத்துக்கான அறிகுறி என்கிறோம். ஒன்றை அறிவதற்குத் துணையாகும் குறி எதுவும் அறிகுறியே. தனியொருவரின் காய்ச்சல் அவர் நோயின் அறிகுறியாவது போல, ஒரே நாளில் பலர் தீக்காயத்தோடு வருவது ஊரில் நடந்த ஏதோவொன்றின் அறிகுறி ஆகிறது. 'வழி' என்ற ஈறு 'ஆய்வுகூடவழி', 'அறிவித்தல்வழி' என்ற இணைச் சொற்களையும் தரும்.

'கண்காணிப்பு' என்று மட்டும் விடாமல் 'நோய்க்கண்காணிப்பு' என்று எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். போர்க்காலத்தைக் கடந்துவந்த கிழக்கு மாகாணத்தில் கண்காணிப்பு என்ற தனிச்சொல் மக்களின் காதில் வேறு விதமாக விழும். இந்த முறைக்கு நோயாளியின் பெயரோ வீட்டு இலக்கமோ தேவையில்லை. வயது, பால், வசிக்கும் பகுதி, வந்த நேரம், வந்த காரணம் ஆகியவை போதும். யாரையும் பின்தொடராத ஒரு பணிக்கு, பின்தொடர்வதை நினைவூட்டும் பெயர் பொருந்தாது.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டும்போது கணினி காட்டுவதை 'எச்சரிக்கை' என்று நண்பர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அதைச் 'சமிக்ஞை' என்று நிறுத்திக்கொள்வதே முறை. திருவிழாக் கூட்டமோ, நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளோ கூட எண்ணிக்கையை ஏற்றிவிடும். ஒரு சமிக்ஞையை விசாரித்து, உண்மை என்று கண்ட பின்னர் பொறுப்பான அதிகாரி மக்களுக்கு விடுப்பதுதான் எச்சரிக்கை.

எஞ்சியிருப்பது 'சீஃப் கம்ப்ளெயின்ட்', அதாவது தான் வந்ததற்கு நோயாளி சொல்லும் முதன்மைக் காரணம். 'முறைப்பாடு' என்றால் இலங்கையில் பொலிஸ் நிலையம்தான் நினைவுக்கு வரும். 'புகார்' இங்கு வழக்கில் குறைவு. 'என்ன வருத்தம்?' என்றுதான் நம் வைத்தியசாலைகளில் கேட்கிறார்கள் என்றாலும், தமிழகத்தில் வருத்தம் மனத்துயரைக் குறிப்பதால் அது பொதுச்சொல்லாக நிற்காது. 'வருகைக் காரணம்' இரு கரையிலும் விளங்கும் என்று கருதுகிறேன்.

ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லும் நோயாளியின் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். முட்டு, இழுப்பு, தடிமன், உளைவு, வயிற்றாலடி, நெஞ்சுநோ ஆகியவற்றை எந்தெந்தத் தொகுதியில் சேர்ப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், தமிழில் பதியப்படும் தரவைக் கணினியால் பகுக்க முடியாது. மூதூர், கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி வைத்தியசாலைகளில் பணியாற்றும் வைத்தியர்களும் தாதியர்களும் குழுமத்தில் இருந்தால், தாங்கள் நாள்தோறும் கேட்கும் சொற்களைக் கேட்டபடியே எழுதி இந்த இழையில் இடுமாறு வேண்டுகிறேன். அவற்றைத் தொகுதிவாரியாக அடுக்கும் வேலையை நான் ஏற்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து