முற்றத்துல போட்ட பாலிகார்பனேட் ஷீட் 4 வருஷத்துலயே மஞ்சளாயிடுச்சு – தப்பு ஷீட்லயா, வேலையிலயா?

முற்றத்துவீடு:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் எங்க வீடு, தாத்தா கட்டினது. நடு முற்றம் 12க்கு 10 அடி. ஒரு ஐப்பசி மழையில அம்மா முற்றத்துல வழுக்கி விழுந்து இடுப்புல அடிபட்டுச்சு. அதுக்கப்புறம்தான் மேல இரும்புச் சட்டம் அடிச்சு 6 எம்எம் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம், உள்ளே வரிவரியா பொந்து இருக்குமே, அந்த மாதிரி. முதல் வருஷம் வெளிச்சம் அப்படியே கூடம் வரைக்கும் வந்துச்சு. இப்போ 4 வருஷம் ஆகுது. ஷீட் பழைய நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துடுச்சு. வரிக்குள்ள தண்ணி நின்னு பச்சையா பாசி. ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுத்தியும் பொடிப்பொடியா விரிசல். சாயங்காலம் வெயில் இறங்கும்போது மேல டப்பு டப்புன்னு சத்தம் வேற. போட்டுக் கொடுத்தவர்கிட்ட கேட்டா, "பிளாஸ்டிக்தானேம்மா, இவ்வளவுதான் ஆயுசு"ங்கிறார். மறுபடி இதையே போடலாமா? கண்ணாடிக்கு மாறணுமா?

மாடிவீட்டுக்காரர்:
தகரம் போட்டுடுங்க மேடம். நாங்க மொட்டைமாடி முழுக்க அதான் போட்டோம், 9 வருஷமா தலைவலி இல்லை.

முற்றத்துவீடு:
தகரம் போட்டா கூடம் இருட்டாயிடும் சார். அம்மா காலையில முற்றத்து வெளிச்சத்துலதான் உக்காந்து பேப்பர் படிப்பாங்க.

பட்டறைக்காரன்:
அக்கா, 16 வருஷமா இந்தக் கூரை வேலைதான் பார்க்கிறேன். நீங்க சொல்ற நாலு கோளாறுமே வேலையில வந்தது. ஷீட் மேல பழி போடாதீங்க. ஹெல்மெட் முன்னாடி இருக்கிற கண்ணாடி இந்தப் பொருள்தான். லேசுல உடையாது.

மஞ்சள் ஏன்னு முதல்ல சொல்றேன். வெயிலைத் தாங்குற பூச்சு இந்த ஷீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். முடி கனம்கூட இருக்காது, கண்ணால பார்த்தா தெரியாது. எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கணும்னு மேல ஒட்டி வர்ற ஃபிலிம்லதான் அச்சடிச்சிருப்பான். தரையிலேயே ஃபிலிமை உரிச்சுட்டு மேல ஏத்தினா எது மேல், எது கீழ்னு யாருக்கும் தெரியாது. தலைகீழாப் போட்டா ரெண்டு மூணு வருஷத்துல மஞ்சளாகி நொறுங்க ஆரம்பிச்சிடும். சரியாப் போட்ட ஷீட்டுக்குக் கம்பெனிக்காரங்க 10 வருஷம் உத்தரவாதம் தர்றாங்க.

அடுத்தது விரிசல். பட்டறைகள்ல அதிகமா நடக்கிற தப்பு இது, தகரம் மாதிரி நினைச்சு நேரா ஸ்க்ரூவை இறுக்கிடுவாங்க. பாலிகார்பனேட் 1 மீட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினா 0.65 எம்எம் நீளும். ராத்திரிக்கும் உச்சி வெயிலுக்கும் ஷீட்டோட சூட்டுல 40 டிகிரி வித்தியாசம் வந்தா உங்க 12 அடி ஷீட் 9 எம்எம்முக்கு மேல நீளும். கீழே இருக்கிற இரும்பு அதே சூட்டுல 2 எம்எம்கூட நீளாது. ஷீட் நகரப் பார்க்குது, ஸ்க்ரூ விடமாட்டேங்குது. அந்த டப்பு டப்பு அதுதான். ஸ்க்ரூவைவிட 3 எம்எம் பெரிய ஓட்டையா போட்டு, அகல வாஷர் வெச்சு, கையால வாஷரைத் திருப்பினா லேசா அசையுற அளவுக்கு மட்டும் முடுக்கணும். ஓரத்துலயும் இடைவெளி விடணும். வாஷர் ரப்பர் இபிடிஎம்மா (வெயில், மழை தாங்குற ரப்பர்) இருக்கட்டும், பிவிசி வேண்டாம், அதுல இருக்கிற எண்ணெய்ப்பசை ஷீட்டை அரிக்கும். இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பசை வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா ஷீட்டுக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துட்டு அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க.

பாசிக்குக் காரணம் வரி படுத்துக் கிடக்கிறது. வரி எப்பவும் வாட்டத்தோட கீழ்நோக்கிப் போகணும். வாட்டம் அடிக்கு 1 அங்குலமாவது வேணும். மேல் முனையில அலுமினிய டேப் ஒட்டி முழுசா அடைக்கணும், கீழ் முனையில பொடி ஓட்டை போட்ட டேப். உள்ளே வேர்க்கிற தண்ணி வழிஞ்சு இறங்கும், தூசி ஏறாது.

முற்றத்துவீடு:
தம்பி, படிச்சுட்டு உடனே பையனை ஏணியில ஏத்தினேன். வரி குறுக்கேதான் ஓடுது. இரும்புச் சட்டத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விரலகலத்துக்கு ஃபிலிம் மாட்டிக்கிட்டு அப்படியே இருக்கு, வெயில்ல வெந்து ஒட்டிப்போய் நகத்தால சுரண்டினாலும் வரலை. அதுல பாதி எழுத்து தெரியுது. அச்சடிச்ச பக்கம் கீழே, எங்க முற்றத்தைப் பார்த்து இருக்கு. 4 வருஷமா அண்ணாந்து பார்த்திருக்கேன், கண்ணுல படலை. மனசு கஷ்டமா இருக்கு. கண்ணாடி பத்தியும், மதிய வெக்கை பத்தியும் சொல்லுங்க.

பட்டறைக்காரன்:
கண்ணாடி கூடாதுன்னு இல்லை அக்கா. ஆனா 6 எம்எம் கண்ணாடி உங்க 120 சதுர அடிக்கு 165 கிலோவுக்கு மேல வரும். இந்த ஷீட் 15 கிலோகூட இல்லை. பழைய சுவர், வயசான அம்மா கீழே உக்காருற இடம். நான் கண்ணாடி போடமாட்டேன்.

வெக்கைக்கு, வெயில் உள்ளே வருது, சூடு வெளியேற வழியில்லை. அதனால சட்டத்தை ஓட்டுக்கு மேல ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் கம்பி வலை அடிச்சுத் திறந்து விடுங்க. குரங்கும் வராது. சாரல் அடிக்காம ஷீட்டை வெளியே ஒரு அடி நீட்டிக்கலாம். தெளிவு ஷீட்டுக்குப் பதிலா பால் வெள்ளை எடுங்க, கண் கூசாம படிக்கலாம். சட்டத்தோட மேல்முகத்துக்கு வெள்ளைப் பெயின்ட். கழுவுறதுக்கு சோப்புத் தண்ணியும் பழைய பருத்தித் துணியும் போதும். விளக்குமாறு, தின்னர் ரெண்டும் பக்கத்துலயே வரக்கூடாது.

முற்றத்துவீடு:
தை பிறந்ததும் வேலையைத் தொடங்குறோம். ஷீட் ஏத்துற அன்னிக்கு நானே மாடியில நிப்பேன், ஃபிலிமைக் கடைசியா என் கையால உரிக்கிறேன்.

பட்டறைக்காரன்:
அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முழுசா உரிச்சுடுங்க அக்கா. வெயில்ல கிடந்தா பழையபடி ஒட்டிக்கும்.