மறு: மறு: ‘ரீபவுண்ட்’ விளைவு – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கருவி குறைந்த ஆற்றலில் ஓடத் தொடங்கியதும், செலவு குறைந்ததே என்று அதைக் கூடுதலாகப் பயன்படுத்தி, எதிர்பார்த்த மிச்சத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இழப்பதுதான் ஆங்கிலத்தில் ‘ரீபவுண்ட்’ விளைவு. அதற்குத் தமிழில் போன வாரம் நான் முன்வைத்த ‘சேமிப்புக் கரைவு’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதிய மறுப்பு இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை:

> கூடுதல் நேரம் விளக்கு எரித்தவருக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. அதில் கரைந்தது என்ன?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். பழைய ஒன்றரை டன் ஏசி மணிக்கு 1.8 யூனிட் இழுத்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அப்பா நிறுத்திவிடுவார். போன ஆண்டு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். 26 டிகிரியில் வைத்தால் மணிக்குச் சராசரியாக 0.8 யூனிட்தான். ‘இதுதான் கம்மியா இழுக்குதே’ என்று இரவு பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறு வரை ஓடுகிறது. ஒரு இரவுக்கு 3.6 யூனிட்டாக இருந்தது 6.4 ஆகிவிட்டது. அம்மா இப்போதெல்லாம் நடுராத்திரி புழுக்கம் தாங்காமல் எழுந்து திண்ணையில் போய் உட்காருவதில்லை. இதைக் ‘கரைவு’ என்று எழுத எனக்கே கை வரவில்லை. கலைச்சொல் நடந்ததைச் சொன்னால் போதும். நடந்தது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அதில் ஒட்டியிருக்கக் கூடாது.

‘மீள்விளைவு’ என்று மூன்று பேர் பரிந்துரைத்திருக்கிறீர்கள். எனக்கு அது பொருந்தவில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆங்கிலச் சொல்லின் உவமை. இங்கே எதுவும் திரும்பி வருவதில்லை. ஒரு பயன் மலிவாகிறது, மலிவானதால் கூடுதலாக வாங்குகிறோம். சொல்லுக்குள் இருக்க வேண்டியது இந்தக் காரணம்தான்.

1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் காரணம் துல்லியமாக இருக்கிறது. வாட்டுக்கு முந்தைய நியூகொமனின் நீராவிப் பொறியில் பிஸ்டனின் ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைக் குளிர்வித்துத் திரும்பச் சூடாக்க வேண்டும். அது கரியைத் தின்று தீர்த்தது. சுரங்க வாயிலிலேயே கரி கிடைத்த இடங்களில்தான் அது பெரிதும் கட்டுப்படியானது. ஜேம்ஸ் வாட் குளிர்விக்கும் கலத்தைத் தனியே பிரித்து 1769இல் காப்புரிமை பெற்றார். கரிச் செலவு வெகுவாக இறங்கியது. அதன் பிறகு கரியே கிடைக்காத கார்ன்வாலின் தகர, செப்புச் சுரங்கங்கள் அந்தப் பொறியை வாங்கத் தொடங்கின. வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்ட்டனும் கேட்ட கட்டணம், பழைய பொறியோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு! மிச்சத்தையே விலையாக வைத்து விற்ற பொறி, பிறகு ஆலைகளுக்குள்ளும் நுழைந்தது.

இரும்பிலும் இதே கதை. 1828இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் நீல்சன் இரும்பு உருக்கும் உலைக்குள் சூடேற்றிய காற்றை ஊதும் முறையைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்கான கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 1830க்கும் 1863க்கும் இடையில் அங்கே மொத்தக் கரி நுகர்வு பத்து மடங்கானது என்று ஜெவான்ஸ் கணக்குக் காட்டுகிறார்.

ஆகவே என் புதிய பரிந்துரை: தூண்டுநுகர்வு. மேல்நிலைப் பொருளியல் பாடத்தில் ‘தூண்டப்பட்ட முதலீடு’ ஏற்கெனவே இருப்பதால் மாணவர்களுக்கு அந்நியமாக இராது. ‘தூண்டும் நுகர்வா, தூண்டப்பட்ட நுகர்வா’ என்று யாராவது கேட்பீர்கள். இது வினைத்தொகை. குடிநீர் என்றால் நீரே எதையோ குடிக்கிறது என்று யாரும் குழம்புவதில்லை, குடிக்கப்படும் நீர் என்றே கொள்கிறோம். அதே வழக்குதான் இதற்கும்.

விளம்பரமும் நுகர்வைத் தூண்டுகிறதே என்றால், முதல் முறை வரும்போது ‘வினைத்திறன்சார் தூண்டுநுகர்வு’ என்று முழுதாக எழுதிவிடலாம். ‘எஃபிஷியன்சி’க்கு இங்கே ‘வினைத்திறன்’ என்ற இலங்கை வழக்கையே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’ என்றால் வாட்டில் அளப்பது. ‘ஆற்றல் திறன்’ என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை எதை நினைக்கும்? அதே பொருளில் தமிழ்நாட்டில் வழங்கும் ‘பயனுறுதிறன்’ சரிதான், ஆனால் கூட்டுச்சொல்லில் நீண்டுவிடுகிறது.

அளவும் இந்தச் சொல்லோடு இயல்பாகச் சேர்கிறது. 100 யூனிட் மிச்சமாகும் என்று கணக்கிட்டு 70 மட்டும் மிச்சமானால் தூண்டுநுகர்வு 30 விழுக்காடு. அதே ஏசியைக் கூடுதலாக ஓட்டினால் நேரடித் தூண்டுநுகர்வு. மிச்சமான காசில் வேறு பொருள் வாங்கி, அதற்கு ஆற்றல் செலவானால் மறைமுகத் தூண்டுநுகர்வு. இந்த அளவு முக்கியம் நண்பர்களே. எல்லாச் சேமிப்பும் வீண் என்று ஜெவான்ஸ் பெயரைச் சொல்லி எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். வளர்ந்த நாடுகளில் வீட்டு வெப்பமூட்டல், கார் ஆகியவற்றை ஆராய்ந்த பிரிட்டன் ஆற்றல் ஆய்வு மையத்தின் 2007 மதிப்பாய்வு, நேரடி விளைவு பெரும்பாலும் 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றுதான் சொன்னது. மீதி உண்மையான மிச்சம். வீட்டுக்கு வீடு இது மாறும். வேண்டிய அளவு குளிர்ச்சி ஏற்கெனவே இருக்கும் வீட்டில் கூடுதலாக ஓட்ட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஆறு மணி நேரத் தூக்கம் பாக்கி இருந்தது.

ஒன்றுதான் இன்னும் முடியவில்லை. ஸ்காட்லாந்து இரும்பு போல, எங்கள் ஏசி போல, நூறு விழுக்காட்டைத் தாண்டிப் பழைய நுகர்வையும் மிஞ்சிவிட்டால் அதற்குத் தனிப்பெயர் வேண்டும். ‘விஞ்சுநுகர்வு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் ‘மிகைநுகர்வு’ என்று படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கிறது, அதற்கும் ஊதாரித்தனம் என்ற சாயல் உண்டு. அக்கா, உங்கள் பக்கத்தில் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா?

அன்புடன்