கீரிமலைக் கதை சொல்ல ஒருவர் வேண்டும்

வணக்கம். எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் பழங்கதை பேசக் கூடுகிறோம். போனமுறை யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றின் கதை. இராமர் அம்பு ஊன்றிய கதையை விட, மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்றதும்தான் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அடுத்தது சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதை. கீரிமலையில் தீர்த்தமாடிக் குதிரைமுகம் நீங்கியவள். மா (குதிரை) விட்ட புரம், மாவிட்டபுரம் ஆன கதை. இதை அம்மம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்த பெரியவர் யாரையாவது தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கம் தெரியுமா? தாளைப் பார்த்து வாசிப்பவர் வேண்டாம். முன்பொருவர் ஒரு மணித்தியாலம் வாசித்தார், பாதிப்பேர் தேத்தண்ணிக் கோப்பையோடு நழுவிவிட்டார்கள்!

அரை மணித்தியாலம் போதும். ஆட்டோவில் கூட்டிவந்து திரும்ப விடுவோம். மைக் கூச்சமென்றால் பாயில் இருந்தே கதைக்கலாம். தெரிந்தவர்கள் இன்பொக்சுக்கு வாருங்கள்.