மறு: "லைவ் ரொக்" – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

திருகோணமலையிலிருந்து:

அன்பின் கலைச்சொல் அகராதிக் குழுமத்தாருக்கு,

> 'லைவ் ராக்' என்றால் உயிர்ப்பாறை. அகராதியில் சேர்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான் தம்பி. ஆனால் 'லைவ் ரொக்' என்பது கடல்மீன் வளர்க்கிற தொட்டிக்குள் நீரைச் சுத்தமாக வைத்திருக்கப் போடும் கல். வீட்டில் அப்படியொரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற எனக்கு இந்தச் சொல் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது சின்ன விசயம். பாறை என்றால் எங்கள் ஊரில் கோணேசர் கோயில் நிற்கிறதே, அதுதான் பாறை. தூக்கித் தொட்டிக்குள் வைக்கிற அளவில் இருப்பது கல். போதாததற்கு இங்கே மீன் சந்தையில் பாரை என்று ஒரு மீன் நல்ல விலைக்குப் போகிறது. மீன்தொட்டிக் கட்டுரை ஒன்றில் றகரமும் ரகரமும் இடம் மாறினால் கதை கந்தல்.

மற்றதுதான் சங்கதி. அந்தக் கல்லுக்கு உயிர் கிடையாது. அது முருகை என்ற கடற் சிற்றுயிர்கள் செத்து விட்டுப்போன கூடு, வெறும் கல்சியம் காபனேற்று. உயிர் இருப்பது அதன் துளைகளில். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். இவை இரண்டுக்கும் ஒட்சிசன் வேண்டும் என்பதால் கல்லின் மேற்புறத்தில் இருக்கும். ஒட்சிசன் எட்டாத உட்துளைகளில் குடியிருப்பவை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. ஆகவே இந்தக் குடித்தனம் இல்லாத தொட்டியில் மீன் நிலைக்காது.

இந்த உயிர்கள் கல்லோடு பிறந்தவை அல்ல, பிறகு வந்து ஏறியவை. துருவேறிய ஆணி, வைரமேறிய மரம், பாசியேறிய படி என்று சொல்கிறோம். அந்த வரிசையில் இது உயிரேறிய கல். கலைச்சொல்லாகச் சுருக்கினால் உயிரேறுகல்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்பீர்கள். இங்கே புதிதாகத் தொட்டி வைக்கிற பொடியன்கள் 'உயிர்ப்பாறை வேண்டும்' என்று எங்கேயாவது வாசித்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு நிலாவெளிக் கரைக்குப் போய்விடுகிறார்கள். உயிர்ப்பாறை கடலில்தான் கிடைக்கும், போய் எடுத்துவர வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது. இலங்கையில் அது சட்ட விரோதம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லை அகழ்வதை மட்டும் தடுக்கவில்லை. சேகரிப்பதும் வைத்திருப்பதும் கொண்டுபோவதும்கூடத் தடை. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சூளைக்காரரை நினைத்துப் போட்ட தடைதான். ஆனாலும் செத்துக் கரை ஒதுங்கிய துண்டும் முருகைக்கல் அல்லாமல் வேறென்ன? நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே கரை முழுக்க முருகைத் துண்டுகள் கொட்டிக் கிடக்கும், பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

சரி, முருகை அல்லாத கல்? கரையில் பொறுக்கிய கல்லின் மேல் இரண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் நுரைத்துப் பொங்கினால் அது காபனேற்று: முருகையோ சிப்பியோ. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நுரைக்காமல், உடைந்த முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் பெரும்பாலும் குவாட்ஸ் என்ற படிகக் கல். தொட்டிக்கு அதனால் கேடில்லை, ஆனால் துளை கிடையாது, பற்றீரியா தங்குவதற்கு மேற்தோல் மட்டும்தான். படகு கட்டுகிற இடங்களில் கிடக்கும் கல் எந்த இனமானாலும் வேண்டாம். படகின் அடியில் பூசும் வர்ணத்தில் செம்பு இருக்கும், செம்பு இறாலையும் சங்கு நத்தையையும் கொன்றுவிடும். புல்மோட்டைப் பக்கத்துக் கல் என்றால் இடுக்கிலெல்லாம் இரும்பு கலந்த இல்மனைற்றுக் கறுப்பு மணல். தொட்டிக் கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் அது ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்கக் கீறும்.

நான் பாவிப்பது சீமெந்துக் கல். சீமெந்தோடு கரடுமுரடான உப்பைக் கலந்து வார்த்தால், பிறகு நீரில் உப்புக் கரைந்து துளைகள் மிஞ்சும். சீமெந்தின் காரம் இறங்கும்வரை நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். அப்புறம் கடல்நீர்த் தொட்டியில் இறக்கி, ஏற்கெனவே ஓடுகிற தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சிலிருந்து ஒரு துண்டு போட்டால், ஏறக்குறைய நாலு முதல் ஆறு வாரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்துவிடும். கடலையே காணாத அந்தக் கல்லும் இப்போது உயிரேறுகல். அதை 'உயிர்ப்பாறை' என்றால் யாராவது நம்புவார்களா?

சென்னையிலிருந்து:

அண்ணா, வாதம் சரி. ஆனால் 'உயிரேறுகல்' கடைக்காரர் வாயில் நுழையுமா? 'உயிர்க்கல்' என்று வெட்டிவிட்டால் என்ன? அப்புறம் 'முருகை' எங்கள் பக்கத்தில் பலருக்குப் புரியாது, இங்கே பவளப்பாறை என்றுதான் பள்ளியிலிருந்தே படிக்கிறோம். அகராதியில் இரண்டையும் போடுங்கள். 'டிரை ராக்' (உயிர் ஏறாத கல்), 'சைக்ளிங்' (மீன் விடுவதற்கு முன் தொட்டியைத் தயார் செய்வது) இரண்டுக்கும் சேர்த்தே முடிவு செய்தால் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உயிரியல் படிப்பிக்கிற ஆள் என்பதால் குறுக்கிடுகிறேன். 'உயிர்க்கல்' என்று வெட்டினால் தம்பி, அண்ணை காட்டிய பிழை அப்படியே திரும்பி வந்துவிடும். 'ஏறு' என்பதில்தான் பொருளே இருக்கிறது, அதை விடக் கூடாது. முருகையும் பவளமும் இரண்டும் இருக்கட்டும். எங்களுக்குப் பவளம் என்றால் மாலையில் கோக்கிற சிவப்பு மணிதான் முதலில் நினைவுக்கு வரும்.

'டிரை ரொக்' சுலபம்: வெறுங்கல். 'சைக்ளிங்'குக்குச் சுழற்சி என்று போட்டால் பிள்ளைகள் தண்ணீர் பம்பி சுற்றுவது என்று நினைப்பார்கள். நைதரசன் வட்டம் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறது. புது மண்சட்டியை உடனே அடுப்பில் ஏற்றாமல் முதலில் பழக்குகிறோமே, அப்படி 'தொட்டி பழக்குதல்' என்றால் என்ன? மீன் விடமுன் செய்கிற வேலை என்பது சொல்லிலேயே தெரியும்.

திருகோணமலையிலிருந்து:

அக்கா, பழக்குதல் அருமை. இதைவிட்டு வேறு தேட எனக்கு மனமில்லை. ஆக வரைவு இப்படி:

உயிரேறுகல்: கழிவை மாற்றும் பற்றீரியாவும் பிற சிற்றுயிர்களும் குடியேறிய, துளைகள் உள்ள கல், இயற்கைக் கல்லாகவோ வார்த்த கல்லாகவோ இருக்கலாம். உயிர் ஏறுமுன் அது வெறுங்கல். தொட்டி பழக்குதல்: மீன் விடமுன், அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாமற் போகும்வரை தொட்டியை ஓடவிடுதல்.

தம்பியின் உயிர்க்கல்லுக்கும் ஒரு வரி விட்டு, 'உயிரேறுகல் காண்க' என்று போட்டுவிடுவோம். தேடுகிறவர்கள் அந்த வழியாலும் வரட்டும்.

'கியூரிங்' மிச்சம் இருக்கிறது. ஈரமாக வருகிற கல்லில் வழியில் செத்த கடற்பஞ்சும் புழுவும் அழுகித் தீரும்வரை வேறு தொட்டியில் போட்டுவைப்பதைச் சொல்கிறார்கள். அந்த நாட்களில் வீடு கருவாட்டுக் கடைதான். எனக்கு வாயில் வருவது 'நாறவிடுதல்', ஆனால் அதை எழுதினால் அக்கா அடிக்க வருவா. வேறு சொல் இருந்தால் போடுங்கள்.