அம்மாவின் வாயசைவுக்கு இணைய மருத்துவரிடம் மாத்திரை வாங்கலாமா?

ஈசூன் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனநோய்க்கு மருந்து உட்கொண்டு வருகிறார். முதலில் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள், பிறகு ரிஸ்பெரிடோனுக்கு மாற்றினார்கள். நோய் நல்ல கட்டுக்குள் இருக்கிறது. சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். சென்ற தைப்பூசத்தன்று உறவினர் ஒருவர், "அத்தை எப்போதிலிருந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்?" என்று என்னிடம் கேட்டார். அம்மாவின் வாயில் வெற்றிலை எதுவும் இல்லை. உதடுகள் குவிந்து விரிகின்றன, தாடை மெல்வதுபோல் அசைகிறது, நாக்கு அவ்வப்போது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. தினமும் உடனிருக்கும் எங்களுக்கு அது கண்ணில் படாமலே போயிருக்கிறது.

மனநல மருத்துவரைப் பார்க்கும் அடுத்த நாள் நான்கு மாதம் தள்ளி இருக்கிறது. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக இங்கே சிங்கப்பூரில் உள்ள மருத்துவர் ஒருவரிடம் பேசினேன். நான் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது, அம்மாவை அவர் திரையில் பார்க்கவே இல்லை. "மனநல மருந்தால் வரும் நடுக்கம்தான்" என்று சொல்லி பென்ஸ்ஹெக்ஸால் எழுதித் தர முன்வந்தார். நான் இன்னும் வாங்கவில்லை. வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றோ காணொளியில் பேசி முடித்ததும் அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசின் எழுதித் தருவதாக விளம்பரம் செய்கிறது. சென்னையில் இருக்கும் என் தம்பி, அங்கே அதே மருந்து 25 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது, அடுத்த மாதம் வரும்போது கொண்டு வருகிறேன் என்கிறான். இவற்றுள் எது சரியான வழி? அம்மா இரத்த அழுத்த மாத்திரையும், தலைச்சுற்றலுக்காகப் பேட்டை மருந்தகத்தில் (கிளினிக்கில்) தரும் புரோகுளோர்பெரசினும் எடுத்துக்கொள்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி பதிலளிக்கிறார்:

தங்கை, பென்ஸ்ஹெக்ஸாலை வாங்காமல் விட்டது நல்லது. மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரிப்பது நடுக்கம் அன்று. நடுக்கம் என்பது கடிகாரத்தின் ஊசல்போல் சீரான தாளத்தில் வருவது. வாயும் நாக்கும் தாடையும் ஒழுங்கில்லாமல் தாமாகவே அசைவது, மனநல மருந்தைப் பல மாதங்களோ ஆண்டுகளோ எடுத்தபின் தாமதமாக வரும் அசைவுக் கோளாறாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை டார்டிவ் டிஸ்கினீசியா என்பார்கள். மனநல மருந்தால் வரும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் பென்ஸ்ஹெக்ஸால் உதவும், ஆனால் இந்த வாயசைவை அது இன்னும் அதிகமாக்கிவிடக்கூடும். அது போதாதென்று, முதியவர்களுக்கு மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றையும் கொண்டுவரும். இரண்டும் ஒரே மருந்தால் விளைந்த அசைவுகள்தாம், மருத்துவமோ நேரெதிர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இதைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் புரோகுளோர்பெரசினைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அதுவும் ஹாலோபெரிடாலைப் போலவே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. தலைச்சுற்றலுக்கு ஓரிரு நாள் கொடுப்பது வழக்கம், ஆண்டுக்கணக்கில் கொடுப்பது வேறு கதை. வாந்திக்குத் தரும் மெடோகுளோபிரமைடும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 12 வாரங்களுக்கு மேல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இலேயே கடும் எச்சரிக்கை விதித்தது. அம்மா புரோகுளோர்பெரசினை எத்தனை ஆண்டுகளாக, வாரத்துக்கு எத்தனை முறை எடுக்கிறார் என்பதை எழுதி வையுங்கள். மனநல மருத்துவருக்கு அந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்தே இருக்காது.

பயந்துபோய் ரிஸ்பெரிடோனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அசைவு சில வாரங்களுக்கு இன்னும் கூடும், ஏனெனில் அந்த மருந்தே அசைவை ஓரளவு மறைத்தும் வைத்திருக்கும். பழைய நோய் திரும்பி வந்தால் அதைவிடப் பெரிய துன்பம்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது ஒரு காணொளி எடுப்பது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, கைகளை முழங்கால்மேல் வைக்கச் சொல்லி, காலணி இல்லாமல் பாதங்கள் தரையில் படும்படி, தலை முதல் கால் வரை தெரியுமாறு எடுங்கள். ஓரிரு நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லுங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். அப்படித் தட்டும்போதுதான் பலருக்கு வாயசைவு நன்றாக வெளிப்படும். கடைசியாகச் சில அடிகள் நடக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் நாங்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவத்திலும் வரிசை ஏறத்தாழ இதுதான். அதில் ஒவ்வோர் உறுப்பின் அசைவுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. பொய்ப்பல் பொருந்தாமல் இருந்தாலும் வாய் இப்படி மெல்லும், ஆகவே அதையும் கவனியுங்கள்.

நடுங்கும் கை பதிலளிக்கிறார்:

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு இருப்பது பரம்பரைக் கைநடுக்கம். என் அப்பாவுக்கும் இருந்தது, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஒரு நரம்பியல் நிபுணர் நேரில் பார்த்து, தைராய்டுச் சோதனையும் செய்து, புரோபிரனலால் என்ற மாத்திரையைத் தொடங்கினார். இப்போது காணொளியில் பேசினாலே மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது, எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒருமுறை பயணத்தில் மாத்திரை தீர்ந்தபோது வேறொரு செயலியில் பேசினேன். அந்த மருத்துவர் எனக்கு ஆஸ்துமா உண்டா என்று கேட்காமலே அதே மருந்தை இரட்டிப்பு அளவில் எழுதினார். எனக்கு இல்லை. ஆனால் என் தங்கைக்கு உண்டு, அவளுக்கு அந்த மாத்திரை மூச்சுத் திணறலையே வரவழைத்திருக்கும்.

மருந்தாளர் பதிலளிக்கிறார்:

டெட்ராபெனசின் நல்ல மருந்துதான், ஆனால் தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மருந்து அன்று. நரம்பணுக்களில் டோபமின் சேமிக்கப்படுவதை அது தடுக்கிறது, அதனால் அசைவு குறைகிறது. அதே காரணத்தால் மனச்சோர்வும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்ற உச்ச எச்சரிக்கை அதன்மீது உண்டு. அமெரிக்காவில் 2008-இல் அது அனுமதி பெற்றது பரம்பரை மூளைநோயான ஹன்டிங்டன் நோயின் அசைவுகளுக்காக. டார்டிவ் டிஸ்கினீசியாவுக்கென்றே அங்கு அனுமதி பெற்ற வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017-இல்தான் வந்தன. வழக்கமாக 12.5 மில்லிகிராமில், அதாவது அந்த 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துவார்கள். ஃபுளுவாக்ஸிடின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை உடன் எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு மிகவும் கூடிவிடும். இருபது ஆண்டு மனநோய் வரலாறு உள்ள ஒருவருக்கு இதைத் தொடங்குவதாக இருந்தால், மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும்.

எது சரியான வழி என்று கேட்டிருப்பதால் சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். மருத்துவர் சீட்டுத் தேவைப்படும் மருந்தை நாங்கள் கொடுக்க வேண்டுமானால், எழுதியவர் இங்கே பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். வெளிநாட்டு இணைய மருத்துவரின் சீட்டைக் கொண்டுவந்தால் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. சொந்தப் பயன்பாட்டுக்காக மூன்று மாத அளவுக்கு மேற்படாமல் மருந்து கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அசைவுக் கோளாறுகளுக்குத் தரப்படும் குளோனசிபாம் போன்றவற்றுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், தம்பியிடம் இதைச் சொல்லி வையுங்கள். இங்குள்ள தொலைமருத்துவச் சேவைகளும் 2023 ஜூன் முதல் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டவை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஆலோசனைகள் ஏராளமாக நடந்தது தெரியவந்து, 2024-இல் அத்தகைய சேவை தந்த ஒரு மருந்தகத்தின் உரிமத்தையே சுகாதார அமைச்சு ரத்து செய்தது. உங்களுக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் அதைவிட மேல் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

ஜூரோங் மகன் பதிலளிக்கிறார்:

எல்லாரும் நேரில் போகச் சொல்கிறீர்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. என் அப்பா பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார், ஒரு கையில் தசை இறுக்கமும் துடிப்பும் உண்டு. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வாகனம் அமர்த்தி, பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் முழுதும் போய்விடும். அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரே முதல் இரண்டு முறை நேரில் பார்த்தபின் காணொளி ஆலோசனைக்கு மாற்றிக் கொடுத்தார். மருந்து கூரியரில் வருகிறது. ஆகவே திரையைக் குறை சொல்லாதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அப்பாவின் பழைய கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈசூன் மகள் மீண்டும் எழுதுகிறார்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தாதி அக்கா சொன்னபடி காணொளி எடுத்தேன். விரல் தட்டும்போது அம்மாவின் நாக்கு வெளிவருவதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. அம்மாவோ, "படம் நன்றாக வந்திருக்கிறதா?" என்று கேட்டார். மனநல மருத்துவமனையின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, புதிய அசைவு தொடங்கியிருக்கிறது, காணொளி இருக்கிறது, நான்கு மாதம் காத்திருப்பது சரியாகுமா என்று கேட்டேன். தாதி ஒருவர் திரும்ப அழைத்து விவரம் கேட்டுக்கொண்டு, பத்து நாளில் வரச் சொன்னார்.

மருத்துவர் முதலில் கேட்டது புரோகுளோர்பெரசினைப் பற்றித்தான். பேட்டை மருந்தகத்தின் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆறு ஆண்டு! அதை அன்றே நிறுத்தச் சொன்னார். தலைச்சுற்றலுக்கான காரணத்தைத் தனியே பார்க்க வேண்டும் என்று பலதுறை மருந்தகத்துக்குக் கடிதம் கொடுத்தார். ரிஸ்பெரிடோனை மெதுவாக வேறொரு மருந்துக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறார். நரம்பியல் மருத்துவருக்கும் மேற்பரிந்துரை எழுதியிருக்கிறார். டெட்ராபெனசின் வேண்டுமா என்பதை அவர் அசைவை நேரில் பார்த்து முடிவு செய்வாராம். அம்மாவின் கீழ்ப் பொய்ப்பல்லும் தளர்ந்துதான் இருந்தது, அடுத்த வாரம் பல் மருத்துவரிடம் போகிறோம். தம்பியிடம் மாத்திரைக்குப் பதிலாக அம்மா கேட்ட சுண்டைக்காய் வற்றலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி பதிலளிக்கிறார்:

மருந்து மாற்றும் இந்த வாரங்களில் அம்மாவின் தூக்கத்தையும் பேச்சையும் தினமும் இரண்டு வரி குறித்து வையுங்கள், தங்கை. மாதம் ஒருமுறை அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் காணொளி எடுங்கள். முதல் சில வாரங்களில் அசைவு சற்றுக் கூடினாலும் கலங்க வேண்டாம், ஆனால் விழுங்குவதில் சிரமமோ மூச்சுவிடுவதில் தடுமாற்றமோ தெரிந்தால் மருத்துவர் தந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.