மண்டோ படம்: அந்தக் கடைசி ஐந்து வருஷம் எங்கே?

காசிமேட்டுக்காரன்:
உருது எழுத்தாளர் மண்டோவைப் பற்றி நந்திதா தாஸ் எடுத்த 'மண்டோ' படத்தை நேற்று ராத்திரிதான் முழுசாகப் பார்த்தேன். மண்டோவாக வரும் நவாசுதீன் நடிப்பில் குறையே இல்லை. ஆனால் 1946 பம்பாயில் தொடங்கும் கதை 1950 வாக்கில் லாகூரில் நின்றுவிடுகிறது. மனுஷன் செத்தது 1955 ஜனவரியில், 42 வயதில், கல்லீரல் கெட்டுப்போய். குடிக்கக் காசு வேண்டும் என்று அன்றன்றைக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்த அந்த வருஷங்கள்தானே வீழ்ச்சி? அதை விட்டுவிட்டால் எப்படி?

பெரம்பூர் வாசகன்:
அண்ணே, வீழ்ச்சி பாட்டிலில் தொடங்கவில்லை. உயிர் நண்பனான சினிமா நடிகர் ஷியாம், பிரிவினைக் கலவரத்தில் தன் ஆட்கள் பட்ட பாட்டைக் கேட்ட கோபத்தில், முஸ்லிமான மண்டோவிடம், உன்னையும் கொன்றிருப்பேன் என்று சொல்கிற இடத்திலேயே தொடங்கிவிட்டது. அப்புறம்தான் மண்டோ பம்பாயை விட்டு லாகூருக்குப் போகிறார். போன இடத்தில் 'தண்டா கோஷ்த்' கதைக்கு ஆபாச வழக்கு, கீழ்க்கோர்ட்டில் மூன்று மாதக் கடுங்காவல், 300 ரூபாய் அபராதம். பிரிவினைக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று மொத்தம் ஆறு வழக்கு! ஊரும் போய், வேலையும் போய், கோர்ட் படியே கதி என்றானவர் குடித்ததை மட்டும் பேசுவது நியாயமா?

ராயபுரம் செல்வி:
என் அப்பா கானா எழுதுவார். சாவு வீட்டில் விடிய விடியப் பாடினால் பாதி காசு, பாதி சரக்கு. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், அப்போது ஆறாவது படித்தேன். அந்த எண்பது பக்க நோட்டில் கடைசி நாலு பக்கம் என் கையெழுத்து. தண்ணி டிரம்முக்குப் பின்னால் காலி குவார்ட்டர் பாட்டில்களை அம்மா எண்ணுவது இன்னும் காதில் கேட்கிறது. ஊரே அப்பாவைக் கொண்டாடியது, மீன் கூடை தூக்கி எங்களை வளர்த்த அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நான் படம் முழுக்க மண்டோவின் மனைவி சஃபியாவைத்தான் பார்த்தேன். மூன்று பெண் பிள்ளைகளோடு அவள் என்ன செய்தாள் என்று யாராவது சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசகன்:
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் படத்தின் முடிவை மண்டோ எழுதிய 'டோபா டேக் சிங்' கதையோடு சேர்த்தது சரிதான் என்பேன். குடியை நிறுத்த மண்டோவே பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தவர், அந்தக் கதையும் லாகூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது.

காசிமேட்டுக்காரன்:
இருந்தாரே தம்பி, அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்த வார்டுக்கு வெளியே காத்திருந்தவர்களையும் காட்டியிருக்க வேண்டும்.