மறு: டாக்டைல் மாடல், ரேப்பிட் ப்ரோட்டோடைப்பிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பார்வையில்லாதவர்கள் விரலால் தொட்டு அறிவதற்காகச் செய்யும் டாக்டைல் மாடலுக்கு இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ச்சொற்களில் 'தொடுமாதிரி'க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'தொடு' என்றாலே இப்போது தொடுதிரைதான் நினைவுக்கு வருகிறது. தொடுதிரையில் கை கட்டளை தருகிறது, படிப்பதென்னவோ கண்தான். இங்கே விரலே படிக்கிறது.

அதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். பிறவியிலேயே பார்வையில்லாத மாணவி ஒருவருக்காக மனித இதயத்தை முப்பரிமாண அச்சில் எடுத்துக் கொடுத்திருந்தேன். இடக்கையில் அதை ஏந்திக்கொண்டு வலக்கை ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினார். "இதயத்துக்கு மேல இப்படி வரிவரியா இருக்குமா சார்?" என்று கேட்டார். அவை அச்சு அடுக்குகளின் விளிம்புகள். ஓர் அடுக்கு 0.2 மி.மீ. கனம். என் கண் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பிரெய்ல் புள்ளியே ஏறக்குறைய அரை மி.மீ. உயரந்தான் என்பது எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி கொடுத்தேன். மகாதமனி எங்கே கிளம்புகிறது என்று யாரும் சொல்லாமலே தொட்டுக் காட்டினார்.

இன்னொன்று: 2 மி.மீ. அளவுக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு கோடுகளை விரல்நுனி பெரும்பாலும் பிரித்தறியாது. அதனால் சில நாளங்களை விட்டுவிட வேண்டும், சிலவற்றைத் தடிப்பாக்க வேண்டும். இது இதயத்தின் நகல் அல்ல, விரலுக்கென்று திருத்தி எழுதிய இதயம். 'தொடுநகல்' ஆகாது என்பது இதனால்தான். 'மாதிரி'யும் 'அது மாதிரி, இது மாதிரி' என்று நீர்த்துப்போன சொல். 'உரு' போதும்.

நண்பர் ஒருவர் தந்த 'தடவுரு' ஓசைக்கு அழகு. ஆனால் தட்டுத்தடவி என்னும் திக்கற்ற நிலை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாணவி தடவித் தேடவில்லை, வாசித்தார். தொடுபுலனுக்குக் குறள் தரும் 'ஊறு' இன்று தீங்கு என்றே பொருள்படுவதால் அதையும் மனமில்லாமல் விட வேண்டியதாயிற்று. தொல்காப்பியமோ ஓரறிவை 'உற்றறிவது' என்கிறது. தொடுதலை உணர்ச்சி என்று நிறுத்தாமல் அறிவு என்றே சொல்லும் அந்த 'அறி'யை நாம் விடக் கூடாது. 'தொட்டுணர்' எனக்கு நிறைவு தராததும் இதனால்தான். சூட்டையும் குளிரையும் உணர்கிறோம், இதயத்தின் அமைப்பை அறிகிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: தொட்டறி உரு. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. தொட்டறி படம், தொட்டறி கோளம் என்று குடும்பமாக வளரும்.

அடுத்து, கணினியில் வரைந்த வடிவத்தை முப்பரிமாண அச்சில் விரைவாகப் பொருளாக்கும் ரேப்பிட் ப்ரோட்டோடைப்பிங்குக்கு வருகிறேன். அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல், திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைக்கும் முப்பரிமாண அச்சு முறையான ஸ்டீரியோலித்தோகிராபிக்கு 1984இல் காப்புரிமை கோரினார், 1986இல் கிடைத்தது. தொடக்க காலத்தில் இந்த நுட்பம் பெரும்பாலும் பயன்பட்டது தொழிற்சாலைகளில், பெருமளவு உற்பத்திக்கு முந்தைய சோதனை வடிவங்களுக்கு. அங்கே 'முன்வடிவு' பொருந்தும். சட்ட முன்வடிவும் சட்டமாகும் முன் நிற்பதுதானே. தொட்டறி உருவுக்குப் பின்னால் பெருமளவு உற்பத்தி எதுவும் காத்திருப்பதில்லை. செய்த ஒன்றே முடிவான பொருள். 'முன்' இங்கே பொய். எனவே விரைவுருவாக்கம்.

'விரைவு' எதற்கு என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். அந்த இதயத்தை அச்சிட ஒன்பது மணி நேரம் ஆனது உண்மைதான். ஆனால் வார்ப்பச்சு செய்திருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அச்சையே புதிதாக வெட்ட வேண்டும். இங்கே காலையில் மாணவி சொன்ன குறையைக் கணினியில் திருத்தி மறுநாளே கையில் கொடுக்க முடிந்தது. விரைவு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

'தொட்டறியுரு' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். குழுவில் நாள்தோறும் பிரெய்ல் படிப்பவர்கள் எது விரலுக்கு இதம் என்று சொல்லுங்கள். அதையே ஏற்கிறேன்.

அன்புடன்